வழக்கும் வாழ்வும்: தமிழகத் திருச்சபைகளில் 'உலகு' பற்றிய பூசல்

1. முன்னுரை

தூய பவுல் உரோமையர்க்கு எழுதிய மடலின் 12ஆம் இயலின் தொடக்கத்தே ஓர் அறவுரை உண்டு. இவ்வுலகின் போக்கிற்கேற்பத் தம்மை வடித்துக்கொள்ளாது, உள்ளம் புதுமை எய்துதலால் வேறோர் உருவம் பெறுமாறு கிறித்தவர்க்கு அவர் கூறுவது அது. மூலமாகிய கிரேக்க மொழியில் விலக்குக்கு ஒரு வினையும் விதிக்கு ஒரு வினையும் ஆளப்பட்டுள்ளன. 'ஸ்கேமா' என்பதன் அடியாக முன்னதும், 'மார்ஃபே' என்பதன் அடியாகப் பின்னதும் பிறந்தன. புறத்தே காணும் கோலம் முதற்சொல்லின் பொருள். உள்ளியல்பு தோன்ற அமையும் வடிவம் இரண்டாம் சொல்லின் பொருள் என்பர். இவ்வேறுபாட்டை மிக வற்புறுத்தலாகாது என்பாரும் உளர். எனினும், சீர்திருத்தச் சபையார் இன்று ஓதும் தமிழ் மொழிபெயர்ப்பு, முன்னதற்கு 'வேஷம்' என்னும் சொல்லையும் பின்னதற்கு 'மறுரூபம்' என்னும் சொல்லையும் பெய்து இவ்வேறுபாட்டைப் போற்றியுள்ளது.

இவ்வறவுரை தமிழ்நாட்டிற்கு வந்தபோது ஒரு பெரும் வினா எழுந்தது. விலக்கத்தக்க 'உலகு' எது? ஒருவன் தான் பிறந்த நாட்டின் மொழி, இசை, பூ, உடை, உணவு, குலம் ஆகியவற்றுள் எவை அவ்வுலகைச் சார்ந்தவை? எவை அவன் கொண்டுசெல்லத்தக்க நாட்டு வழக்கு? 1606 முதல் ஏறத்தாழ 300 ஆண்டுகள் தமிழகத் திருச்சபைகளை அலைத்த பூசல்களிற் பல இவ்வினாவினின்றும் பிறந்தனவே. அவற்றைத் தொகுத்து நோக்கின், இரு திறத்தாரும் இழைத்த ஒரே பிழை புலனாகும் என்பதும், அப்பிழையினின்றும் சபைகள் சில மீண்ட வழி யாது என்பதுமே இக்கட்டுரையிற் காட்டப்புகுவன.

2. இரண்டு உலகங்கள்

தமிழ் மரபில் 'உலகு' என்னும் சொல்லுக்கு உள்ள மதிப்பை முதற்கண் உணர்தல் வேண்டும். பலநூல் பயின்றும் உலகத்தோடு பொருந்தி நடக்கும் முறையை அறியாதவரை அறிவற்றவர் என்றே கூறுகின்றார் திருவள்ளுவர். ஒழுக்கமுடைமை அதிகாரத்தின் இறுதிக் குறட்கருத்து இது. இங்கு 'உலகு' என்பது உயர்ந்தோர் ஒழுகும் நெறியைக் குறிப்பதாகப் பரிமேலழகர் விளக்குவர். இலக்கண நூலாரும் உயர்ந்தோரிடத்தே வழக்கு நிலைபெறுவதாகக் கொண்டனர். ஆகவே, உலகத்தோடு ஒட்டி நடத்தல் தமிழ்ச் சான்றோர்க்கு ஒரு சிறப்பு. பவுலடிகட்கோ அது விலக்கத்தக்க குற்றம்.

இம்முரண் சொல்லளவில் தோன்றுவதே. பவுல் கூறும் உலகு, கடந்துபோகும் ஒரு காலத்தின் ஆட்சிமுறை. வள்ளுவர் கூறுவது சான்றோர் குழு. ஆயினும், தமிழ் கற்றுக் கிறித்தவராயினார் இரண்டு நூல்களையும் ஒருங்கே ஏற்றனர். குலவேற்றுமை முன்னை உலகைச் சார்ந்ததா, பின்னை உலகைச் சார்ந்ததா என்று முடிவு செய்ய வேண்டிய நெருக்கடி அவர்க்கு நேர்ந்தது. பரிமேலழகர் அக்குறளுரையில் மேலும் ஒன்று கூறுவர். அறநூல்கள் சொன்னவற்றுள்ளும் காலத்துக்கு ஒவ்வாதன நீங்கும். சொல்லாதனவற்றுள்ளும் ஒப்பன சேரும் என்பது அது. உலக வழக்கும் மாறுதற்குரியதே என்பதற்குத் தமிழ் மரபினுள்ளேயே இடமுண்டு என்பது இதனாற் பெறப்படும். பின்னாளில் வழக்கின் பெயரால் குலவேற்றுமையைக் காத்தோர் இவ்வுரைப்பகுதியை நினைத்ததாகத் தெரியவில்லை.

3. மதுரையில் காவி உடை

உரோமை நகரிற் பிறந்த இராபர்ட் தெ நொபிலி 1606இல் மதுரை வந்து சேர்ந்தார். அப்போது அங்கே கொன்சாலோ பெர்னாண்டசு என்னும் சேசு சபைத் துறவி, பரதவர்க்கும் போர்த்துக்கீசியர்க்கும் பணிசெய்து வந்தார். கிறித்தவம் 'பரங்கி'யர் சமயம் என மதுரை மக்கள் கருதி விலகி நின்றமையை நொபிலி கண்டார். காவி உடுத்தார், புலால் துறந்தார், தமிழும் வடமொழியும் பயின்றார், தத்துவ போதகர் எனப் பெயர் பெற்றார். பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியன குலமும் நாகரிகமும் பற்றிய குறிகள், வழிபாட்டுக் குறிகள் அல்ல என்பது அவர் வாதம்.

எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உரோமை வரை சென்றது. 1623இல் பதினைந்தாம் கிரகோரி என்னும் திருத்தந்தை, மூடக்கருத்து நீங்கிய நிலையில் அவ்வழக்கங்களைக் கைக்கொள்ளலாம் என ஆணையிட்டார். அவ்வாணையினுள்ளேயே, உயர்குடிப் பிறந்தோம் எனச் செருக்குவோர் எளியோரை இகழலாகாது என்னும் அறிவுரையும் இடம்பெற்றமை குறிக்கத்தக்கது. ஆணையின் முற்பகுதி நடைமுறைக்கு வந்த அளவிற்குப் பிற்பகுதி வரவில்லை. பிராமணத் துறவிக் கோலம் பூண்டோர் உயர்குலத்தார்க்கும், பண்டார சுவாமிகள் எனப்பட்டோர் ஏனையோர்க்குமாகப் பணி இரு கூறாயிற்று. 1704இல் புதுச்சேரியில் தூர்னோன் என்னும் உரோமைத் தூதுவர் வெளியிட்ட தடையாணை, நோயுற்ற பறையர் இல்லங்கட்குச் சென்று அருட்சடங்கு செய்ய மறுக்கும் நிலையையும் கண்டித்தது. அத்தகைய மறுப்பு அக்காலத்தே நிலவியமைக்கு அவ்வாணையே சான்று.

நொபிலியின் வேடம் பொய் வேடம் எனத் தள்ளிவிடுதல் நேர்மையாகாது. தமிழ் உரைநடைக்கு அவர் ஆற்றிய தொண்டு தமிழுலகம் அறிந்தது. தம் நாட்டின் நடையுடைகளே கிறித்தவம் என்று கருதாத அளவில் அவர் தம் உலகைத் துறந்தவரே. ஆயின், ஒன்றைத் துறந்தவர் மற்றோர் உலகின் படிநிலையை அவ்வாறே ஏற்றுக்கொண்டார். காவியும் தமிழும் எவரையும் தாழ்த்தா; தனிக்கோயில் தாழ்த்தும். இரண்டனையும் அவர் ஒரே சொல்லால், 'நாட்டு வழக்கு' எனக் குறித்ததே பின்வந்த இடர்களுக்கெல்லாம் தோற்றுவாய்.

4. தரங்கம்பாடியும் தஞ்சையும்

1706 சூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். அவர்வழித் தோன்றிய சீர்திருத்தச் சபை, மறைநூலை மக்கள் மொழியில் அச்சிட்டு எல்லார் கையிலும் கொடுத்தது. எனினும், குலவேற்றுமையைப் பொறுத்தவரை அச்சபையும் பொறுத்துப்போகும் வழியையே மேற்கொண்டது. வழிபாட்டில் இருக்கைகள் வேறாயின.

இதன் விளைவை இருவர் வாழ்வில் காணலாம். 1733இல் ஆரோன் என்னும் வேளாளர் குருப்பட்டம் பெற்று முதல் தமிழ்ச் சீர்திருத்தக் குருவாயினார். அக்காலத்தே இராசநாயக்கன் என்னும் பறையர் குலத்து உபதேசியார் ஒருவர் இருந்தார். தஞ்சைப் படையிற் பணிபுரிந்தவர். மறைநூலைத் தாமே படித்துச் சீர்திருத்தச் சபையை நாடி வந்தவர். தஞ்சைச் சபையின் தொடக்கத்திற்குப் பெரிதும் காரணமானவர். அவர்க்குப் பட்டமளிப்பது பற்றிப் பேச்சு எழுந்தது. அவர் கையிலிருந்து திருவிருந்தைக் குலத்தால் உயர்ந்தோர் பெறமாட்டார் என்னும் அச்சத்தால் அது கைவிடப்பட்டது. அறிவும் தொண்டும் நிறைந்த ஒருவர், உண்ணும் அப்பத்தின் பொருட்டு விலக்கப்பட்டார். அவர் வாழ்நாள் முழுதும் உபதேசியாராகவே பணிசெய்தார்.

இங்குப் பழைய நிகழ்ச்சி ஒன்று நினைவிற்கு வருதல் இயல்பு. அந்தியோகியாவில் பேதுரு பிற இனத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். யூதர் சிலர் வந்தபின் அஞ்சி விலகிக்கொண்டார். பவுல் அவரை நேருக்கு நேர் நின்று கண்டித்ததாகக் கலாத்தியர் மடல் கூறும். உலகத்தோடு ஒத்துப்போதல் என்னும் குற்றம் முதன்முதல் பந்தியிலேயே புலப்பட்டது என்பது நோக்கற்பாலது. தமிழ்நாட்டிலும் அது பந்தியிலேயே புலப்பட்டது.

5. வேதநாயக சாத்திரியாரின் முறையீடு

வேதநாயக சாத்திரியார் (1774-1864) பாளையங்கோட்டையிற் பிறந்து, சுவார்ட்சு ஐயரால் தஞ்சைக்கு அழைத்து வரப்பெற்று வளர்ந்தவர். பெத்தலகேம் குறவஞ்சி பாடிய அப்பெரும் புலவர், இரண்டாம் சரபோசி மன்னரின் அவையில் மதிப்புப் பெற்றிருந்தார். பிற தெய்வத்தைப் பாடுமாறு அரசவை வேண்டியபோது அவர் மறுத்துவிட்டார் என வாழ்க்கை வரலாறுகள் கூறும். அரசனது கொடையைவிடத் தம் மனச்சான்றைப் பெரிதாக மதித்தவர் என்ற அளவில், உலகத்திற்கு வளையாத வாழ்வுக்கு அவர் ஒரு நல்ல சான்று.

அவர் முதுமையை எய்திய காலத்தே இளைய சமயத் தொண்டர் சிலர் புதிய ஒழுங்குகளைக் கொணர்ந்தனர். அவற்றை எதிர்த்து அவர் 1829ஐ ஒட்டி எழுதிய முறையீடுகளில் நான்கு குறைகள் எடுத்துரைக்கப்பட்டன. பழகிய மறைநூல் மொழிபெயர்ப்பைத் திருத்துதல், பல குலத்தாரையும் கட்டாயமாக ஒன்றாக்குதல், மணத்திலும் பிறவற்றிலும் பூவை விலக்குதல், தமிழ்ப் பாட்டையும் இசையையும் வழிபாட்டினின்றும் நீக்குதல் என்பன அவை.

இப்பட்டியல் நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுவது. பூவும் பாட்டும் பழகிய மொழிநடையும் குலவேற்றுமையும் இங்கு ஒரே வரிசையில் நிற்கின்றன. சாத்திரியார்க்கு அவை நான்கும் தமிழ் வாழ்வு. இளந்தொண்டர்க்கு அவற்றுட் பல புறச்சமய உலகின் எச்சம். மாலையணிந்த மணமகள் ஒருத்தியால் எவர்க்கு என்ன தீங்கு? தமிழ்ப் பண்ணில் இறைவனைப் பாடுதல் எவ்வகையில் உலகப்பற்று? இவ்வினாக்களைச் சாத்திரியார் கேட்டது முற்றும் முறையே. இவற்றைத் தடுத்தோர் தம் நாட்டுப் பழக்கத்தையே திருமறை என மயங்கினர். ஆயின், அதே மூச்சில் தனியிருக்கையையும் தனிப்பந்தியையும் அவர் காக்க முனைந்தபோது, பூவிற்கு உரிய நியாயம் குலத்திற்கும் உண்டென்று கொண்டார். ஒரு திறத்தார் நான்கையும் காத்தனர். மற்றொரு திறத்தார் நான்கையும் எதிர்த்தனர். பிரித்து நோக்கியவர் அன்று அரியர்.

பாளையங்கோட்டையிற் பணிசெய்த இரேனியசு ஐயர் (1790-1838) இவ்வெதிர்ப்பிற்கு ஆளானோருள் ஒருவர். தமிழ் இலக்கணமும் மறைநூல் திருத்தமும் செய்த அவர், தம் பள்ளியில் உயர்குலத்தார் எனப்பட்ட மாணவர்க்குத் தனிச்சமையல் வேண்டும் என்ற கோரிக்கைக்கு இணங்கவில்லை. அடுப்பு ஒன்று, பந்தி ஒன்று என்பதே அவர் கொள்கை.

6. ஆணையும் அகமாற்றமும்

1833இல் கல்கத்தாப் பேராயர் தானியேல் வில்சன் தென்னாட்டுச் சபைகட்கு ஒரு மடல் விடுத்தார். குலவேற்றுமையை உறுதியாகவும் உடனடியாகவும் முற்றாகவும் கைவிட வேண்டும் என்பது அதன் சாரம். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சபையை விட்டு விலகினர். 1835இல் பேராயர் தாமே தஞ்சைக்கு வந்தார். பிரிந்தோருள் சிலர் திரும்பினர், பலர் திரும்பவில்லை.

1840ஐ ஒட்டித் தரங்கம்பாடியில் செருமானிய லுத்தரன் தொண்டர் மீண்டும் பணி தொடங்கியபோது, விலகியோர் பலர் அவரை அடைந்தனர். அச்சங்கத்தின் தலைவர் கிரௌல் தமிழறிஞர். திருக்குறளைச் செருமன் மொழியிலும் இலத்தீனிலும் பெயர்த்தவர். குலவேற்றுமையைச் சட்டத்தால் அகற்றுதல் கூடாது, நற்செய்தி உள்ளத்தை மெல்ல மாற்ற அது தானே உதிரும் என்பது அவர் கருத்து.

இக்கருத்தின் வலிமையை மறுத்தல் எளிதன்று. அச்சத்தால் ஒன்றாக உட்கார்ந்தவன் உள்ளத்தால் ஒன்றானவன் ஆகான். வில்சனின் ஆணைக்குப் பணிந்து பந்தியில் அமர்ந்து, வீடு திரும்பித் தீட்டுக் கழித்தவனும் வேடதாரியே. ஆயின், அகமாற்றம் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்று கூறியபோது, பொறுக்க வேண்டியவர் யாவர்? கோயிலின் கடைக்கோடியில் நின்றவரே. முன் வரிசையில் இருந்தவர்க்கு அப்பொறுமை எவ்விழப்பையும் தரவில்லை. 'உள்ளம் மாறுக' என்னும் உயரிய மொழி, புறத்தே எதனையும் மாற்றாதிருப்பதற்கு ஓர் அரணாகப் பயன்பட்டமை இவ்வரலாற்றின் வருந்தத்தக்க பகுதி.

7. மதுரையில் ஒரு தெளிவு

இச்சிக்கலினின்றும் மீண்ட ஒரு வழியை மதுரை அமெரிக்கத் திருத்தொண்டர் வரலாற்றிற் காண்கிறோம். 1847இல் அவர், குலவேற்றுமையைக் கைவிடாதார் சபையில் தொடர்தல் இயலாது என உறுதி செய்தனர். ஒன்றாக உண்ணுதலே அதற்கு உரைகல்லாயிற்று. உபதேசிமாரும் உறுப்பினரும் பலர் விலகினர். இழப்பு பெரிதாயினும் அவர் பின்வாங்கவில்லை. 1850இல் சென்னையிற் கூடிய சமயத் தொண்டர் மாநாடும் இதனை ஒத்த முடிவையே வெளியிட்டது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1853இல், அதே மதுரைச் சங்கத்தைச் சார்ந்த எட்வர்டு வெப் என்பவர் தமிழ்க் கிறித்தவக் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அவர் நாடிச் சென்றது தஞ்சை வேதநாயக சாத்திரியாரை. வழிபாட்டினின்றும் விலக்கப்பட்ட சாத்திரியாரின் பாடல்கள் அத்தொகுப்பின் வழியாக மீண்டும் வழிபாட்டிற்குள் வந்தன.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இணைத்து நோக்குவார் அருகியே உளர். 1829இல் ஒரே பட்டியலில் நின்றவை இங்கே முதன்முறையாகத் தெளிவுறப் பிரிக்கப்பட்டன. குலப்பிரிவு நீங்கிற்று, தமிழிசை நின்றது. சாத்திரியாரின் நெறி மறுக்கப்பட்டது. அவர் பாட்டு தலைமேற் கொள்ளப்பட்டது. அப்புலவர் இதனை எவ்வாறு உணர்ந்திருப்பார் என்பது தனி வினா. பாட்டைத் தந்துதவினார் என்பதே நாம் அறிவது. தம்மோடு முரண்பட்டார்க்கும் தம் பாட்டைத் தந்த அச்செயலைச் சிறியதாக மதித்தல் ஆகாது.

8. உடை உரைத்த மறுப்பு

இதுகாறும் கண்டவற்றுள் புறக்கோலம் அகமாற்றத்தை மறைத்த இடங்களே மிகுதி. புறக்கோலமே அகமாற்றத்தை உரைத்த இடம் ஒன்றும் உண்டு. அது தென் திருவிதாங்கூர். இன்றைய குமரி மாவட்டப் பகுதி.

அந்நாட்டில் தாழ்ந்தோர் எனக் குறிக்கப்பட்ட குலத்துப் பெண்டிர் மார்பை மறைத்தல் உயர்ந்தோர்க்கு அவமதிப்பாகக் கருதப்பட்டது. உடையின்மையே உலகம் அவர்க்கு விதித்த வேடம். கிறித்தவராய நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணியத் தொடங்கினர். 1822இலும், மீண்டும் 1828-29இலும் கலகங்கள் மூண்டன. 1829 பிப்ரவரியில் அரசு வெளியிட்ட அறிவிப்பு, அவர் குப்பாயம் அணிய இசைந்து, உயர்குலத்தார் போலத் தோட்சீலை இடுதலைத் தடுத்தது. 1858-59இல் பெருங்கலகம் மூண்டது, பெண்டிர் தாக்கப்பட்டனர், பள்ளிகளும் கோயில்களும் எரிக்கப்பட்டன. 1859 சூலையில் எல்லாச் சமயத்து நாடார் பெண்டிரும் மார்பை மறைக்கலாம் எனத் திருவிதாங்கூர் மன்னர் அறிவித்தார். அப்போதும் உயர்குலப் பெண்டிர் உடுத்தும் முறையிலேயே உடுத்தல் கூடாதென்ற வரம்பு இருந்தது.

ஏறத்தாழ 40 ஆண்டுகள் அடியும் இழிவும் பொறுத்து ஆடையை விடாத அம்மகளிருள் மிகப்பலர் எழுத்தறியாதார். விலக்கப்பட்ட கோலத்தையும் விதிக்கப்பட்ட உருவத்தையும் பற்றிய கிரேக்கச் சொல்லாராய்ச்சி அவர்க்குத் தெரியாது. எனினும், உலகம் வகுத்த வேடத்தை ஏலோம் என்பதை அவர் தம் உடலால் உரைத்தனர். இவ்வாறு தம்மேல் இட்ட இழிவை எதிர்த்த சமுதாயத்தினருள்ளும், தமக்குக் கீழோர் எனக் கருதியோரைச் சமமாக ஏற்க மறுத்தோர் இருந்தனர் என்பதையும் மறைத்தல் ஆகாது. தனக்கு வேண்டிய விடுதலையைப் பிறர்க்கு அளித்தலே இறுதித் தேர்வு.

9. வழக்கு வழக்கானது

திருநெல்வேலிப் பகுதியிலுள்ள வடக்கன்குளத்தில் 1872இல் கட்டி முடிக்கப்பட்ட கத்தோலிக்கக் கோயில் இவ்வரலாற்றின் உருவகம் போன்றது. ஒரு பீடத்தை நோக்கி இரு கூடங்கள். வேளாளர் முதலியோர்க்கு ஒன்று, நாடார்க்கு ஒன்று. இடையே சுவர். இறைவன் ஒருவனே என்று பீடம் கூற, மாந்தர் இருவகையர் என்று சுவர் கூறிற்று. 1910இல் அச்சுவர் குருமாரால் அகற்றப்பட்டது. உயர்குலத்தார் நீதிமன்றம் சென்றனர். சுவரை மீட்டும் எழுப்பித் தருமாறு வேண்டிய அவர்தம் கோரிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ஏற்கவில்லை.

'வழக்கு' என்னும் சொல்லுக்குத் தமிழில் மரபான நடைமுறை என்பதும், நீதிமன்ற முறையீடு என்பதும் பொருள். வடக்கன்குளத்தில் முதற்பொருள் இரண்டாம் பொருளாக மாறியதைக் காண்கிறோம். நெடுநாள் நடந்தமையால் நியாயம் எனக் கொள்ளப்பட்ட ஒன்று, அவையேறித் தன் நியாயத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போது அதற்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

10. முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று.

ஒன்று: நாட்டு வழக்கு அனைத்தையும் 'உலகு' எனத் தள்ளியவரும், அனைத்தையும் 'நாகரிகம்' எனக் கொண்டவரும் ஒரே பிழையைச் செய்தனர். இருவரும் வழக்கைப் பிரித்து ஆராயவில்லை.

இரண்டு: பிரித்தறிவதற்குரிய அளவுகோல் சபைகளின் பட்டறிவிலிருந்தே கிடைத்தது. ஒரு வழக்கம் உடன் வாழ்வானைத் தாழ்த்துமாயின் அது விலக்கத்தக்க உலகு. தாழ்த்தாதாயின் அது போற்றத்தக்க வழக்கு. பூவும் பண்ணும் தமிழும் காவியும் இவ்வளவையில் தேறின. தனிப்பந்தி தேறவில்லை.

மூன்று: அகமாற்றம், புறமாற்றம் என்னும் இரண்டும் ஒன்றற்கொன்று மாற்று ஆகா. புறத்தை மட்டும் மாற்றிய ஆணை வேடதாரிகளையும் உண்டாக்கிற்று. அகத்தை மட்டும் பேசிய பொறுமை, தாழ்த்தப்பட்டோரைக் காத்திருக்க வைத்தது. உள்ளம் மாறியமைக்குச் சான்று, அயலான் பக்கத்தில் அமர்ந்து உண்ணும் கையே.

இவை பழங்கதையென்று அமைதி கொள்ளுதற்கு இடமில்லை. சில ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் குலவாரியான பிரிவு நீடித்தலை இக்கால ஆய்வாளரும் பதிவு செய்துள்ளனர். இராசநாயக்கனுக்கு மறுக்கப்பட்ட பட்டம் அவர் குலத்தில் தோன்றிய பலர்க்குப் பின்னாளில் கிடைத்தது; எனினும், சபையின் நிலத்தில் இறந்தார்க்கும் எல்லை வகுக்கும் வழக்கம் முற்றும் ஒழிந்திலது. தமிழ்க் கிறித்தவ இலக்கியம் பயிலும் மாணவர், சாத்திரியாரின் இனிய பாடலை ஓதும்போது அவர் வரைந்த முறையீட்டையும் உடன்வைத்துப் படித்தல் நலம். பாடலில் எதனைக் கொள்வது, முறையீட்டில் எதனை விடுவது என்பதை 1853இல் மதுரையிலிருந்த சிலர் தெளிந்தனர். அத்தெளிவு ஒவ்வொரு தலைமுறையும் தானே முயன்று அடைதற்குரியது.